பழைய குளிர்பெட்டியை எறிவது அறிவுடைமையா?



கடந்த பள்ளி விடுமுறையில் என் இல்லத்திற்கு வந்திருந்த சக ஆசிரியர் ஒருவர், அடுப்படியில் நிற்கும் குளிர்பெட்டியைக் கண்டு நகைத்தார். "ஆசிரியர் சம்பளம் வாங்கியும் இந்த ஓட்டை டப்பாவை விடமாட்டீர்களா? பேப்பர் லாமா வண்டியில் போட்டுவிடுங்கள். மின்சாரம் மிஞ்சும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்றார். விருந்தினர் என்பதால் அன்று வாய்மூடி இருந்தேன். இன்று மறுமொழி கூறுகிறேன்.

அப்பெட்டி, என் தந்தையார் லாரி ஓட்டிய காலத்தில், 1974-இல், தவணைக்கு வாங்கியது. ஒற்றைக் கதவு; மேலே சிறியதொரு பனிக்கட்டி அறை. வயதில் எனக்கு மூத்தது. தந்தையார் மறைந்தபின் வீட்டைக் காலி செய்தபோது, அதை எடைக்குப் போடுவதென உடன்பிறந்தோர் முடிவு செய்தனர். நான் தடுத்து, நிமிர்த்திய நிலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அதில் என்ன பழுது இருந்தது? கதவு ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தினால், இழுத்தவுடன் கையோடு வந்தது. குளிரும் அவ்வழியே வெளியேறியது. தெர்மோஸ்டாட் தேய்ந்திருந்தது. கம்பிரசரைத் தொடக்கிவிடும் ரிலே கருகியிருந்தது. மின்கம்பியின் உறை விரல் பட்டாலே உதிர்ந்தது; எர்த் கம்பியோ அறவே இல்லை. ஆனால் கம்பிரசரும் வாயு ஓடும் குழாய்களும் அன்று போல் இன்றும் நலம்! அனுபவமிக்க தொழில்நுட்பர் ஒருவர் இரண்டு நாள்களில் அனைத்தையும் மாற்றிக் கொடுத்தார். வாயுக் குழாயை அவர் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை.

இனி மின்சாரக் கதைக்கு வருவோம். "பழைய பெட்டி மின்சாரத்தைக் குடிக்கும்" என்பார் எவரும் அளந்து பார்த்ததில்லை. நான் அளவி பொருத்தி ஒரு வாரம் அளந்தேன். நாளொன்றுக்கு 1.1 கிலோவாட் மணி. இதே அளவுள்ள புதிய பெட்டி இதனினும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆயினும் எல்லாப் பழைய பெட்டிகளும் ஒன்றல்ல. பனியைத் தானே உருக்க, உள்ளே சூடேற்றியும் விசிறியும் கொண்ட பெரிய பெட்டிகளே மின்சாரத்தை விழுங்கின. 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்பனையான புதிய பெட்டிகள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,800 கிலோவாட் மணி எடுத்துக்கொண்டன. அத்தகைய பெட்டியைக் காப்பாற்றச் சொல்லி நான் வாதாட வரவில்லை. கையால் பனி நீக்கும் சிறிய பெட்டியின் மீது அந்தப் பழியைச் சுமத்தாதீர் என்றே சொல்கிறேன்.

"சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்கிறார்களே, அதுதான் பெரும் பிழை! என் பெட்டியின் குழாய்க்குள் ஓடுவது ஆர்-12 வாயு. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் இவ்வினத்தைக் கட்டுப்படுத்தவே 1987-இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. புவியைச் சூடேற்றுவதில் ஆர்-12, கரிவளியைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு ஆற்றல் வாய்ந்தது. அதாவது 100 கிராம் வெளியேறினால், ஒரு டன் கரிவளியை வெளியேற்றியதற்குச் சமம். குழாய்க்குள் அடைபட்டிருக்கும்வரை அவ்வாயு எவருக்கும் தீங்கு செய்யாது. எடைக்குப் போட்டால் என்ன நடக்கும்? செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள். ஒரு சீறலில் எல்லாம் வானேறிவிடும். புதிய பெட்டி நாளுக்கு அரை கிலோவாட் மணி மிச்சப்படுத்தினாலும், இந்த ஒரு டன்னை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். இதுவா சுற்றுச்சூழல் தொண்டு?

அதற்காகக் கண்மூடித்தனமாகப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதும் தவறே. எர்த் கம்பியும் இ.எல்.சி.பி.யும் இன்றிப் பழைய பெட்டியை இயக்காதீர். கத்தி கொண்டு பனியைச் சுரண்டாதீர்; குழாய் துளைபட்டால் வாயு போய்விடும். வாரந்தோறும் அணைத்து, கதவைத் திறந்துவைத்து, பனி தானே உருக விடுங்கள். 1950களின் பெட்டியாயின் தாழ்ப்பாளை முதலில் கழற்றுங்கள். வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் அத்தாழ்ப்பாள் காரணமாக, ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளேயே மூச்சடைத்து மாண்டிருக்கிறார்கள். உள்ளிருந்தும் திறக்கும் கதவு வேண்டுமென அமெரிக்கா 1956-இல் சட்டமே இயற்றியது. பெட்டி முற்றாகச் செயலிழந்தால், வாயுவை உறிஞ்சி மீட்கும் கருவியுள்ள தொழில்நுட்பரை அழைத்து, அதன் பின்னரே அகற்றுங்கள்.

ஆசிரியர்களே, குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி என வகுப்பறைச் சுவரில் வண்ணத்தாளில் ஒட்டுகிறோம். மாணவர் ஒப்புவித்தால் பாராட்டுகிறோம். ஆனால் பழுதானதைச் செப்பனிடும் ஒரு மனிதரை அவர்கள் கண்ணால் கண்டதுண்டா? வீட்டில் எது நின்றாலும் "புதுசு வாங்கலாம்" என்ற சொல்லையே கேட்டு வளர்கிறார்கள். நாம் சுவரில் ஒட்டியதை நம் அடுப்படியே பொய்யாக்குகிறதே!

ரப்பர் மாற்றிய அன்று என் மகள் அந்தத் தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தாள். தாள் வரவில்லை. "ஏன்ப்பா வரல?" என்று கேட்டாள். காற்று, குளிர், காந்தம் என அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பிக்கிறேன். அதைவிடச் சிறந்த அறிவியல் பாடத்தை நான் நடத்தியதில்லை.

பேப்பர் லாமா வண்டியின் ஒலி தெருமுனையில் கேட்கும்போது, வாசலுக்கு ஓடுமுன் ஒரு கணம் நில்லுங்கள். பழுது எங்கே என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளையையும் அருகில் நிறுத்திக்கொண்டு பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.