லிங்கம் கக்கிய சாமியார் கம்பி எண்ணிய கதை!
அற்புதத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளைப் பார்க்கவில்லையே!

ஆறுமுகநேரி:

உப்பளத்து ஊர் இது. இங்கே உப்பு வாங்க வருகிற வியாபாரி லேசுப்பட்டவர் அல்ல. கையில் அள்ளிப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நாலு கல்லை நாக்கிலும் போட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் விலை பேசுவார். அதே ஆசாமி, வீட்டில் நகை காணாமல் போனாலோ, பையன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனாலோ, "ஒரு சாமி நடந்தது நடக்கப்போவது எல்லாம் புட்டுப் புட்டு வைக்கிறாராம்" என்று எவனாவது காதில் போட்டால் போதும். ஒன்றையும் அள்ளிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவார்.

இப்படி பஸ் ஏறியவர்களும், கப்பல் ஏறியவர்களும், வெள்ளைக்கார நாட்டிலிருந்து பிளேன் ஏறியவர்களும் ஒரு காலத்தில் கைகட்டி நின்ற இடம் ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டாரத்தில் பாத்திமா நகர் ஆசிரமம். அங்கே அமர்ந்து அருள்பாலித்தவர் சுவாமி பிரேமானந்தா.

இலங்கை மாத்தளையில் 1951-ல் பிறந்த பிரேம்குமார்தான் பின்னாளில் இந்த பிரேமானந்தா. வெறுங்கையை ஆட்டினால் திருநீறு கொட்டும். சிவராத்திரி வந்துவிட்டால் வாய் வழியாக லிங்கம் கக்குவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மாத்தளையில் ஆசிரமம், அதோடு ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு விடுதி என்று நடத்திவந்தார். 1983 இனக்கலவரத்தில் அது நாசமானது. மறுவருஷம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரை நம்பி அந்தப் பிள்ளைகளும் வந்தார்கள். 1989-ல் பாத்திமா நகரில் சுமார் 150 ஏக்கரில் ஆசிரமம் எழும்பியது. ஐரோப்பாவில்கூட பக்தர்கள்!

பெயர் ஒன்று, ஆள் வேறு

வேடிக்கை என்னவென்றால், அதே சமயம் கோவை போத்தனூரில் இன்னொரு பிரேமானந்த் இருந்தார். பி.பிரேமானந்த், பகுத்தறிவாளர். சாமியார் செய்வதையெல்லாம் அவரும் மேடையில் செய்து காட்டுவார். காட்டிவிட்டு, எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுவார்! சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, சின்ன உருண்டையாக உருட்டிக் காயவைத்து, விரல் இடுக்கில் செருகிக்கொள்ள வேண்டியது. கையை ஆட்டும்போது நசுக்கினால் திருநீறு. தீர்ந்தது அற்புதம்.

அவருக்கும் முன்னோடி கொழும்பில் இருந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1963-லேயே ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டினார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் நம்பரைச் சொல்லுங்கள், பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 1978-ல் கோவூர் கண் மூடும்வரை ஒரு சாமியாரும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் சாமியார்களின் வாசலில் கூட்டம் குறைந்ததா? இல்லை. வித்தை அம்பலமானால் கூட்டம் கலையும் என்று நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

தப்பி வந்த பெண்கள்

பாத்திமா நகர் ஆசிரமத்தைச் சாய்த்தது பந்தயம் அல்ல. அங்கே வளர்ந்த பெண் பிள்ளைகளே சாய்த்தார்கள். 1994-ல் தப்பி வெளியே வந்து, உள்ளே நடப்பதைச் சொன்னார்கள். கேட்டவர்களுக்குப் பகீரென்றது. போலீஸ் உள்ளே நுழைந்தது. பிரேமானந்தா கைதானார். 13 பெண்களைக் கெடுத்ததாக வழக்கு. போதாததற்குக் கொலை வழக்கும் சேர்ந்தது. ஆசிரமத்தில் இருந்த இலங்கை என்ஜினீயர் ஒருவரைக் கொன்று, அங்கேயே புதைத்திருந்தார்கள்.

"எல்லாம் பொய் வழக்கு, சாமி அப்படிப்பட்டவர் இல்லை" என்று பக்தர்கள் கொதித்தார்கள். டெல்லியிலிருந்து ராம் ஜெத்மலானி சாமியாருக்காக வாதாடினார். ஆனால் கலைக்கப்பட்ட கரு ஒன்று ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. மரபணுச் சோதனையில் அப்பன் பிரேமானந்தாதான் என்று தெரிந்தது. டாக்டர் லால்ஜி சிங் கோர்ட்டில் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து நிபுணரைக் கூட்டிவந்தும் எடுபடவில்லை.

1997 ஆகஸ்ட் 20-ந்தேதி புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதி ஆர்.பானுமதி தீர்ப்புச் சொன்னார். இரட்டை ஆயுள் தண்டனை! அபராதம் 60 லட்சத்துக்கும் மேல்! எந்தச் சலுகையிலும் இவரை முன்கூட்டியே விடக்கூடாது என்றும் எழுதினார். (இந்த பானுமதி பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியும் ஆனார்.) ஐகோர்ட்டு 2002-லும், சுப்ரீம் கோர்ட்டு 2005-லும் தண்டனையை உறுதி செய்தன. 2011 பிப்ரவரியில், கைதியாகவே பிரேமானந்தா செத்தார். அடுத்தவர் தலைவிதியைச் சொன்னவருக்குத் தன் ஜாதகம் மட்டும் தெரியாமல் போயிற்று போலும்.

அவர் செத்த பிறகும் ஆசிரமம் மூடவில்லை. படிக்காத சனங்கள்தான் இதற்கெல்லாம் மயங்குகிறார்கள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இலங்கை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்து, 2013-ல் வடமாகாண முதல்-மந்திரியான சி.வி.விக்னேஸ்வரனும் அவருடைய பக்தர்தான்.

அமெரிக்காவிலும் இதே கூத்து

நம்மூரில் மட்டும்தான் இப்படியா என்றால், அதுவும் இல்லை. ஆவிகளோடு பேசுகிறேன் என்று அமெரிக்க டெலிவிஷனில் கொடிகட்டிப் பறந்தவர் சில்வியா பிரவுன் என்ற அம்மாள். 2004-ல், காணாமல் போன மகளைத் தேடி ஒரு தாய் அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "உன் மகள் உயிரோடு இல்லை" என்று சில்வியா குறி சொல்லிவிட்டார். தாய் மனசொடிந்து போனாள். 2006-ல் செத்தே போனாள். 2013-ல் மகள் உயிரோடு மீண்டு வந்தாள்! அடைத்துவைத்தவன் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வந்தாள். கட்டிக்கொள்ளத்தான் அம்மா இல்லை. அதே வருஷம் நவம்பரில் சில்வியாவும் போய்விட்டார். 88 வயதுவரை இருப்பேன் என்று சொல்லியிருந்தவர் 77-லேயே போனார்.

இந்த அம்மாள் கெடுத்தது வாயால். பாத்திமா நகரில் நடந்தது அதைவிடக் கொடுமை. பெற்றவர்களும் உற்றார்களும் திருநீறைப் பார்த்தார்கள், லிங்கத்தைப் பார்த்தார்கள். சாமியாயிற்றே என்று பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரி அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது, யார் கூட இருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு கடுதாசி எழுத விடுகிறார்களா என்று கேட்க ஆள் இல்லை. பல பிள்ளைகளுக்குக் கேட்க அப்பன் ஆத்தாளே இல்லை. அந்தத் தைரியம்தானே சாமியாருக்கு!

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. பெண்களையும் பிள்ளைகளையும் தங்கவைக்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் நடத்தக்கூடாது. ஆசிரமம், மடம் என்று போர்டு மாட்டிக்கொண்டால் மட்டும் தப்பிக்க முடியுமா என்ன? பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவர் வாசலிலேயே லைசென்சைக் கேட்கலாம். சந்தேகம் தட்டினால் 1098-க்கு போன் போடலாம், காசு கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கையை ஆட்டித் திருநீறு கொடுக்கிறாரா? அதை மடித்து வைத்துக்கொண்டு, பிள்ளையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேரலாம்.