நீரைத் தாங்கும் நிலத்தை நிரப்பாதீர்

மாரி தொடங்கினால் பெரியநீலாவணையில் முதலில் எழும் கேள்வி, பெரியகல்லாற்று முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள் என்பதுதான். வாவி பெருகி, கிட்டங்கி வீதியை வெள்ளம் கடந்து, வட்டைகளில் முளைத்த நெல் தண்ணீருக்குள் கிடக்கும்போது அதிகாரிகளை நோக்கிக் குரல் கொடுக்கிறோம். அந்தக் குரல் நியாயமானது. ஆனால் அந்தத் தண்ணீர் தங்கி நிற்க வேண்டிய பள்ளக் காணிகளை உழவு இயந்திரப் பெட்டிகளில் மண் கொண்டுவந்து மூடியவர்கள் யார் என்ற கேள்வியை வருடா வருடம் தள்ளிப்போடுகிறோம். மலையுச்சியில் இருந்தாலும் கடற்கரையில் இருந்தாலும், சதுப்பு நிலத்தை நிரப்புவதும் வடித்து வறட்டுவதும் நிறுத்தப்பட வேண்டும். இதில் நாம் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சதுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை ஹோட்டன் சமவெளியில் தெளிவாகக் காணலாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், 3,160 ஹெக்டேயரில் பரந்து கிடக்கும் குளிர்நிலம் அது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவுதான். தை மாத விடியலில் புல் நுனியில் உறைபனி படியும். இரண்டு பருவக்காற்றுகளும் அங்கே மழை தருகின்றன. மழை ஓய்ந்த நாட்களில் மூடுபனி கவிகிறது. அந்தப் பனியின் ஈரத்தை மலையுச்சிக் காட்டின் இலைகளும் பாசிகளும் வடித்தெடுத்து மண்ணுக்குக் கொடுக்கின்றன.

பத்தனாப் புல்வெளியின் தாழ்வுகளில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. அங்கே மடியும் புல்லும் கோரையும் குளிரிலும் காற்றில்லாத ஈரத்திலும் முழுதாக உக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, காலப்போக்கில் கறுத்த முற்றா நிலக்கரியாகின்றன. ஒரு மீற்றர் படிய ஆயிரம் ஆண்டுகளும் போதாமல் போகலாம். இந்தப் படிவுகளில் புதைந்திருந்த மகரந்தங்களை ஆராய்ந்த பிரேமதிலக்க, ரிஸ்பெர்க் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 24,000 ஆண்டு காலநிலையின் கதையை அவற்றிலிருந்து எடுத்துத் தந்தது. பருவமழை மெலிந்த காலமும் வலுத்த காலமும் அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன.

இந்தக் கறுத்த மண் பெரும்பகுதி நீராலானது. மழையை உறிஞ்சி வைத்து, அதை ஓடைகளுக்கு மெதுவாக விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோட்டன் சமவெளி தலைநீர் தருகிறது. நமது வயல்களுக்கு நீர் தரும் கல்லோயா பிறப்பது மடுல்சீமை மலைப்பக்கம். ஹோட்டன் சமவெளியின் தண்ணீர் அந்த ஆற்றின் சேனாநாயக்க சமுத்திரத்துக்கு வருவதில்லை. அதனால் அது நமக்குத் தூரத்து விடயம் என்று நினைக்கலாகாது. கொத்மலை, விக்டோரியா, சமனலவெவ நீர்மின் நிலையங்களுக்குப் போகும் நீரில் அதன் பங்கும் உண்டு. மருதமுனையில் விசைத்தறி ஓடுவதும் நமது வீடுகளில் விளக்கெரிவதும் அந்த மின்சாரத்தாலும்தான்.

அந்த மலைகளின் அருமையை முன்னோர் அறியாமல் இல்லை. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் காக்க வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே ஆலோசனை கூறினார். தேயிலைத் தோட்டங்கள் மலையுச்சிகளை முழுவதும் விழுங்காமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஹோட்டன் சமவெளி 1969இல் பாதுகாக்கப்பட்ட இடமானது. 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அழிந்தேவிட்டதோ என்று அஞ்சப்பட்ட மலைநாட்டுத் தேவாங்கு அங்கே படம்பிடிக்கப்பட்ட செய்தி வெளிவந்ததும் அதே 2010இல்தான்.

ஆனாலும் சட்டத்தில் எழுதினால் மட்டும் நிலம் காக்கப்பட்டுவிடாது. ஐரோப்பாவிலிருந்து வந்த உலெக்ஸ் என்னும் மஞ்சள்பூ முட்செடி அங்கே புல்லைத் தின்றுகொண்டு பரவுகிறது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். செடியோ எளிதில் தீப்பற்றும். விடுமுறை நாட்களில் வாகனங்கள் வரிசை கட்டுகின்றன. பூங்காவுக்கு வெளியே நுவரெலியா, அம்பேவல பக்கத்துச் சதுப்புத் துண்டுகளுக்கோ அந்தப் பாதுகாப்பும் இல்லை.

சதுப்பைக் குலைத்த நாடுகள் கொடுத்த விலையை உலகம் கண்டிருக்கிறது. இந்தோனேசியாவில் 1990களின் நடுவில் சுகார்த்தோ அரசு பத்து இலட்சம் ஹெக்டேயர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கப் புறப்பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. வறண்ட சதுப்பு 1997இல் பற்றியெரிய, அந்த ஆண்டு இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. ஸ்கொட்லாந்தின் வடக்கே வரிச்சலுகை கொடுத்துச் சதுப்பில் ஊசியிலை மரங்களை நட வைத்தார்கள். 1988இல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. இப்போது பணம் செலவழித்து அந்த மரங்களை வெட்டி, வடிகால்களை அடைக்கிறார்கள். அந்தச் சதுப்பு 2024இல் உலக மரபுரிமையானது. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 வீதமே உள்ள இத்தகைய முற்றா நிலக்கரி நிலங்கள், எல்லாக் காடுகளின் தாவரங்களிலும் உள்ளதைவிட அதிகக் கார்பனை மண்ணுக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. வடித்தால் அது காற்றில் கலக்கிறது.

நமது கரைவாகு வட்டையும் வாவியோரச் சதுப்பும் குளிர்நிலம் அல்ல. அங்கே முற்றா நிலக்கரி படியவும் இல்லை. ஆனால் வெள்ளத்தை வாங்கி வைத்து மெதுவாக விடும் வேலை மலைச் சதுப்புக்கும் நமது சதுப்புக்கும் பொது. சல்வீனியாவும் ஆற்றுவாழையும் அடைத்து, குப்பையும் மண்ணும் மூடி, அந்த இடம் வருடத்துக்கு வருடம் சுருங்கினால் வெள்ளம் எங்கே போகும்? அடுத்தவர் வீட்டுக்குள்தான் போகும். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இந்தக் கரையோரம் மறக்காது. அந்த வெள்ளத்துக்கு நிலம் நிரப்பியதே காரணம் என்று நாம் சொல்லவில்லை; அத்தனை மழையையும் எந்தச் சதுப்பும் தனியாகத் தாங்காது. ஆனால் நீரின் இடத்தைப் பறிக்கும் ஒவ்வொரு பெட்டி மண்ணும் அடுத்த வெள்ளத்தை இன்னும் உயர்த்துகிறது.

காணி இல்லையே என்பது இங்குள்ள மக்களின் உண்மையான வேதனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே நெருக்கமான குடியிருப்பு. 2004 சுனாமி கரையோர வீடுகளை அள்ளிச் சென்றது. பிறகு கடலோரத்தில் வீடு கட்டவும் கட்டுப்பாடு வந்தது. பிள்ளைகளுக்குச் சீதன வீடு கட்டப் பெற்றோர் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தச் சுற்றாடல் பேச்சும் இங்கே எடுபடாது. பள்ளத்தை நிரப்பி விற்கும் காணி அதற்குப் பதிலாகாது. அதை வாங்கும் ஏழைக் குடும்பம்தான் ஒவ்வொரு மாரியிலும் கட்டிலைக் கல்லில் ஏற்றி வைக்கிறது. மேட்டுக் காணிகளில் மாடிக் குடியிருப்புகளை அரசு கட்டித் தர வேண்டும். அதைக் கேட்டுப் போராடும் உரிமை நமக்கு உண்டு.

சட்டம் ஏற்கனவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. கல்முனை மாநகர சபையும் பிரதேச செயலகங்களும் அடுத்த மாரிக்கு முன் சதுப்பு எல்லைகளை அளந்து கல் நாட்டி, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். நிரப்பிய காணிக்குக் கட்டட அனுமதி மறுக்கப்படட்டும். வடிகால்களில் அடைத்த செடிகளை மழைக்கு முன்னரே அகற்றட்டும். வனஜீவராசிகள் திணைக்களம் ஹோட்டன் சமவெளியில் வாகனங்களுக்கு நாளாந்த வரம்பு விதித்து, உலெக்ஸை வேரோடு களைய நிரந்தர ஆளணி நியமிக்கட்டும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் இதைத் தமது மேடைகளில் சொல்ல வேண்டும். வெள்ளம் தமிழர் வட்டை, முஸ்லிம் வட்டை என்று பார்த்து வருவதில்லை. மலையின் சதுப்பைக் காக்கும்படி கொழும்பைக் கேட்கும் தகுதி, தனது ஊர்ச் சதுப்பை நிரப்பாத சமூகத்துக்கே உண்டு. இந்த மாரிக்கு முன் எந்தக் கட்சி, எந்தச் செல்வாக்கு என்று பாராமல், நிரப்பும் முதல் பெட்டி மண்ணையே தடுத்து நிறுத்துவோம்.