கடைக்காலுக்கு முன்னே ஒரு சுங்கச்சாவடி!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையிலே இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அங்கே, மணிலாப் பயிர் தந்த காசையும், வெளியூர்க் கட்டட வேலையிலே சேர்த்த கூலியையும் ஒன்றாய் முடிந்து வைத்துக்கொண்டு, மூன்று சென்ட் மனையிலே ஒரு வீடு கட்ட நினைக்கிறான் உழைப்பாளி ஒருவன். ஊரார்க்கெல்லாம் சுவர் எழுப்பியவன், தனக்கென்று நான்கு சுவர் எழுப்ப ஆசைப்படுகிறான். ஆசைதானே, தோழர்களே! பேராசை அல்லவே!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றனர் முன்னோர். கல்லும் மரமும் சேர்ப்பது கடினம் என்று கண்டு சொன்னார்கள். அவர்கள் காணாத கடினம் ஒன்று பின்னாளில் முளைத்தது. அதன் பெயர், ஆய்வு!

பல காலம், பல ஊர்களிலே நடந்த நாடகம் அது. எந்த ஊர் மேடை என்று கேட்க வேண்டாம். மனு கொடுப்பான் மனைக்காரன். "இடத்தைப் பார்க்க வேண்டும்" என்பார் அதிகாரி. என்றைக்கு என்றால், "வருவோம்" என்பார். ஆடி போகும், ஆவணி போகும், கார்த்திகை தீபமும் மலைமேல் எரிந்து அணையும், வரவேண்டியவர் வரமாட்டார். வராதவர் சார்பிலே வருவார் ஒருவர், தரகர்! "கொஞ்சம் கவனித்தால் நாளைக்கே முடியும்" என்பார். கவனிப்பு முடிந்த மறுநாள், மனையை மிதிக்காமலேயே மனை சரியாக இருப்பதாக எழுதப்படும்! என்னே ஞானக்கண்!

அந்தச் சுங்கச்சாவடியைச் சிறுவீட்டுக்காரன் பாதையிலிருந்து அகற்ற வந்ததுதான், தமிழ்நாட்டில் 22-7-2024 அன்று தொடங்கப்பட்ட சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கட்டும் குடியிருப்புக்கு இணையவழியே உடனடி அனுமதி. முன்கள ஆய்வு இல்லை. நிறைவுச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. உரிமையாளன் தரும் உறுதிமொழியே ஆதாரம். பொய் சொன்னால் அனுமதி பறிபோகும்.

"ஆய்வில்லாத அனுமதியா? வீடுகள் இடிந்து விழாவா?" என்று கேட்கிறார்கள் மேதைகள் சிலர். ஏழையின் இரண்டறை வீட்டைப் பற்றி இவ்வளவு கவலை! வாழ்க அவர்தம் கருணை! அவர்களை மவுலிவாக்கத்துக்கு அழைக்கிறேன். 28-6-2014 அன்று கட்டுமானத்திலிருந்த 11 அடுக்குக் கட்டடம் சரிந்து, 61 உயிர்களைப் புதைத்ததே, அது அனுமதி வாங்காத கட்டடமா? இல்லை! வரைபட அனுமதி பெற்ற கட்டடம்! முத்திரை இருந்தது; உறுதி இல்லை. கோப்பு நின்றது, கட்டடம் நிற்கவில்லை.

ஆய்வே வேண்டாம் என்போமா? மாட்டோம்! நமக்கு அருகே, அண்ணாமலை அடிவாரத்து வ.உ.சி. நகரிலே, 1-12-2024 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் சரிந்த மண்ணும் பாறையும் வீட்டை மூடி ஏழு பேரைப் பலிகொண்டதை மறக்க முடியுமா? அவர்களில் ஐவர் குழந்தைகள்! அங்கே தேவைப்பட்டது சன்னலை அளக்கும் நாடா அல்ல. சரிவின் ஆபத்தை அளக்கும் கண். சிறுவீட்டு வாசலிலே வீணாகும் அந்தக் கண், மலைச்சரிவுக்கும் மாடமாளிகைக்கும் திரும்பட்டும் என்கிறோம். ஆய்வை ஒழிக்கச் சொல்லவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கச் சொல்கிறோம்!

இதிலே நமக்கும் வேலை உண்டு. பட்டா எவர் பெயரில் இருக்கிறது, பத்திரத்து நான்கெல்லை மனையோடு பொருந்துகிறதா, வரைபடத்து அளவும் நிலத்து அளவும் ஒன்றா என்று அறியாத எளியவனுக்கு, அருகே அமர்ந்து சரிபார்த்துத் தர வேண்டும். சுயசான்று எல்லைக்கு மேற்பட்ட கட்டடமாயின் ஆய்வு உண்டு. எல்லைக் கற்களை நட்டு, ஆய்வு நாளை எழுத்திலே கேட்டு, நகலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அன்று பொறியாளரை உடன் நிறுத்தச் சொல்லுங்கள். குறை சொன்னால் அதையும் எழுத்திலே கேட்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற வரைபடம் கட்டுமிடத்திலே காட்சிக்கு இருக்கவேண்டும் என்று 17-12-2024 அன்று உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. கையூட்டு கொடுப்பதும் 2018 திருத்தச் சட்டப்படி குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவன் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவனுக்குப் பாதுகாப்பு உண்டு. இதை ஊரறியச் சொல்லுங்கள்!

இறுதியாக ஒன்று. கசப்பானது, ஆயினும் சொல்லியாக வேண்டும். ஆய்வு போனதென்று அழுத தரகன், நாளை கணினி முன்னே அமர்ந்து, "விண்ணப்பம் நான் போடுகிறேன், இவ்வளவு கொடு" என்பான். அவன் மாற்றானாயின் எதிர்ப்போம். அவன் இடையிலே நம் கரைவேட்டி இருந்தால்? "நம் ஆள்தானே" என்று நகர்ந்து போவோமா? நகர்ந்தால், மாற்றாரை நோக்கி நீட்டிய விரல் நம் நெஞ்சையே குத்தும்!

ஏழை வீட்டு வாசலில் நாம் நிற்கலாம், கிரகப்பிரவேசத்துக்கு வாழ்த்துச் சொல்ல. கடைக்கால் தோண்டுமுன் கைநீட்டி நிற்கக்கூடாது. கரை இருக்கட்டும் வேட்டியிலே, கறை வேண்டாம்!