சலங்கை கட்டியவர் நாற்காலியில் அமரலாமா?

மாசி மாதம் வந்து விட்டால் மண்டைக்காடு திணறும். பகவதி அம்மன் கோவில் கொடைக்குக் குமரி மாவட்டப் பெண்கள் மட்டும் அல்ல, கேரளப் பெண்களும் இருமுடி கட்டி வருகிறார்கள். "பெண்களின் சபரிமலை" என்றே அந்தக் கோவிலுக்குப் பெயர். தலையில் இருமுடி சுமந்து நடக்கும் பெண்களுக்குத் தலைமை என்ற சுமை மட்டும் கனமா?

இந்தக் கேள்வி எதற்காக? சொல்லத்தான் வேண்டும்.

மண்டைக்காடு, குளச்சல், மணவாளக்குறிச்சி வட்டாரத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் நாட்டியம் இல்லாமல் இருக்காது. மகள் சலங்கை கட்டி ஆடுகிறாள். அம்மா கண் கலங்குகிறாள். அப்பா கை தட்டுகிறார். ஊரே பாராட்டுகிறது.

மறுநாள் அதே மகள், "நான் நாட்டியக் கல்லூரியில் சேர்ந்து படிக்கிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? வீடு அமைதி ஆகிவிடும்.

"ஆடிக்கொண்டே எத்தனை நாள் பிழைப்பாய்?" என்று கேட்பாள் அம்மா. "நாற்பது வயதில் முழங்கால் வலித்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார் அப்பா.

இரண்டும் நியாயமான கேள்விகள். சோறு போடாத படிப்பை எந்தப் பெற்றோர் விரும்புவார்கள்? ஆனால், இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை என்று நினைத்தால் அது சரி அல்ல.

மேடைக்குப் பின்னால்...

நாட்டியம் என்றால் மேடையில் ஆடுகிறவர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார். அவருக்குப் பின்னால் பெரிய நிர்வாகம் இருக்கிறது.

அடவு கற்றுக் கொடுக்க ஆசிரியர் வேண்டும். தாளம் தட்டி ஆட்டத்தை நடத்த நட்டுவனார் வேண்டும். எந்த ஆண்டில் எதைக் கற்றுக் கொடுப்பது என்று திட்டம் போட ஒருவர் வேண்டும். மாணவர்களைத் தேர்ந்து எடுக்க வேண்டும். விடுதியைப் பார்த்துக் கொள்ள வேண்டும். பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, பொறுப்பு ஏற்க ஒரு தலைவர் வேண்டும்.

ஆக, கால் ஓய்ந்தாலும் கலைஞருக்கு வேலை ஓயாது. சலங்கையைக் கழற்றிய பிறகும் ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அந்த நாற்காலியில் யார் அமர்வது? அதுதான் கேள்வி.

கப்பலில் கிடைத்த யோசனை

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அதுதான் சென்னையில் உள்ள கலாஷேத்திரா.

அதை உண்டாக்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1904-ம் ஆண்டில் மதுரையில் பிறந்தவர்.

1928-ம் ஆண்டில் பம்பாயில் ரஷிய நாட்டு நடன அரசி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை அவர் பார்த்தார். அது பாலே நடனம். கால் விரல் நுனியில் நின்று, காற்றில் மிதப்பது போல் ஆடுவார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும்போது ருக்மிணி தேவியும் பாவ்லோவாவும் ஒரே கப்பலில் பயணம் செய்தார்கள். நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவில் இருந்த ஒரு நடன மாது, ருக்மிணி தேவிக்குப் பாலே கற்றுக் கொடுத்தார்.

அப்போது பாவ்லோவா ஒரு யோசனை சொன்னார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் அது.

ருக்மிணி தேவி தேடினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் பயின்றார். வழிவழியாகக் கலையைக் காத்து வந்தவர்கள் இவர்களைப் போன்றவர்களே. 1935-ம் ஆண்டு டிசம்பரில் ருக்மிணி தேவி மேடை ஏறினார். மறு ஆண்டே, 1936-ல், அடையாற்றில் கலைப்பள்ளியைத் தொடங்கினார்.

பாவ்லோவா மட்டும் எங்கே படித்தார்? ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 1738-ம் ஆண்டில் தொடங்கிய அரசாங்க நடனப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளி உயிரோடு இருக்கிறது என்றால் என்ன காரணம்? ஒருவர் போனால் அடுத்தவர் அந்த இடத்துக்குத் தயாராக இருந்தார். அதுதான் ரகசியம்!

அந்தப் பள்ளி இன்று வாகனோவா என்ற அம்மையாரின் பெயரால் விளங்குகிறது. அவரும் அங்கே படித்தவர்தான். மேடையில் ஆடி, ஓய்வு பெற்று, ஆசிரியை ஆனார். நடனம் கற்பிக்கப் புதிய முறையையே வகுத்தார். 1951-ல் அவர் மறைந்தார். 1957-ல் பள்ளிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அவரது புகழ் மேடையோடு முடியவில்லை. வகுப்பறையில்தான் வளர்ந்தது.

ஆலமரத்தின் நிழலில்

ருக்மிணி தேவி அரை நூற்றாண்டு காலம் கலாஷேத்திராவை நடத்தினார். ஆடை, மேடை, விளக்கு, இசை எல்லாவற்றிலும் அவருடைய கண் இருந்தது. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசை மேதைகளை அழைத்து வந்து அமர்த்தினார். மாணவிகளையே ஆசிரியைகள் ஆக்கினார்.

1953-ம் ஆண்டில் கேரளத்தில் இருந்து தனஞ்செயன் என்ற சிறுவன் அங்கே படிக்க வந்தான். கதகளியும் பரதமும் கற்றான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் புகழ் பெற்ற வி.பி. தனஞ்செயன். 1968-ம் ஆண்டில் அவரும், உடன் படித்த அவருடைய மனைவி சாந்தாவும் சென்னையில் "பரத கலாஞ்சலி" என்ற சொந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். 2009-ம் ஆண்டில் இருவருக்கும் பத்மபூஷண் விருது கிடைத்தது. பிழைப்பு உண்டா என்று கேட்கும் அப்பாவுக்கு இதுவும் ஒரு பதில்.

1986-ம் ஆண்டில் ருக்மிணி தேவி மறைந்தார். ஆலமரம் சாய்ந்தது. நிழலில் இருந்தவர்கள் கலங்கினார்கள். ஒரே ஒருவரை நம்பி நடக்கும் எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சோதனை வரும்.

1993-ம் ஆண்டில் பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்தது. கலாஷேத்திரா, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. ஆட்சிக்குழு ஏற்பட்டது. இயக்குநரை நியமிக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் வந்தது. 2005-ம் ஆண்டில் இயக்குநராக வந்தவர் லீலா சாம்சன். சிறு பெண்ணாக அங்கே படிக்க வந்தவர். 2012 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வகுப்பில் தரையில் அமர்ந்தவர், தலைமை நாற்காலியிலும் அமர்ந்தார்!

குமரி மாவட்டத்தார் நன்கு அறிந்த கதகளியிலும் இதே கதைதான். 1930-ம் ஆண்டில் கவிஞர் வள்ளத்தோள் கேரள கலாமண்டலத்தைத் தொடங்கினார். அங்கே மாணவராகச் சேர்ந்த ராமன்குட்டி நாயரும், கோபியும் ஆசிரியர்கள் ஆகி, முதல்வர்களாகவும் உயர்ந்தார்கள். அங்கே படித்தவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் "கலாமண்டலம்" என்று பள்ளியின் பெயரைச் சேர்த்துக் கொள்கிறார்கள். பள்ளிக்கும் மாணவருக்கும் அவ்வளவு உறவு!

ஆடத் தெரிந்தால் ஆளத் தெரியுமா?

நாட்டியப் பள்ளிக்கு நாட்டியம் தெரிந்தவரே தலைவராக வேண்டும். எந்த அடவை எத்தனை தடவை ஆடினால் முழங்கால் தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். மாணவி சோம்பலால் உட்கார்ந்தாளா, வலியால் உட்கார்ந்தாளா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லி விடுவார்.

ஆனால், நன்றாக ஆடுகிறவர் எல்லாம் நன்றாக நிர்வாகம் செய்வார் என்று சொல்ல முடியுமா? முடியாது. தாளக்கணக்கு வேறு, வரவு செலவுக் கணக்கு வேறு. மேடையில் கைதட்டு வாங்குவது ஒரு திறமை. ஒரு மாணவியின் குறையைக் காது கொடுத்துக் கேட்பது இன்னொரு திறமை. இரண்டாவதையும் கற்றுக் கொடுத்தால்தான் வரும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 2023-ம் ஆண்டைப் பார்த்தால் தெரியும்.

அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் கலாஷேத்திரா மாணவ, மாணவியர் வளாகத்திலேயே உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். பாலியல் தொல்லை நடப்பதாகவும், தங்கள் புகாரை நிர்வாகம் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார்கள். முன்னாள் மாணவி ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் ஏப்ரல் மாதம் ஓர் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால், ஒரு கேள்வி எல்லாப் பெற்றோர் மனதிலும் எழுந்தது. பிள்ளைகள் தெருவுக்குத் தெரியும்படி உட்கார்ந்த பிறகா தலைமைக்குக் காது கேட்க வேண்டும்?

நாட்டியம் மற்றப் படிப்பைப் போன்றது அல்ல. ஆசிரியர் மாணவியின் கையைப் பிடித்துத் திருத்துவார். மாணவி குருவின் காலில் விழுந்து வணங்குவாள். சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே என்று சொல்லியே வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த பெண், குருவின் மீது ஒரு குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? மண்டைக்காட்டில் இருந்து சென்னை சுமார் 700 கிலோ மீட்டர். அம்மா மடியில் தலை வைத்து அழவும் முடியாது!

குருபக்தி வேண்டும். ஆனால் குருபக்தி என்பது வாய்ப்பூட்டு ஆகிவிடக் கூடாது. அதைக் கவனிக்க வேண்டியவர்தான் தலைவர்.

என்ன செய்ய வேண்டும்?

பள்ளிகள் தலைவர்களைத் தயார் செய்ய வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களுக்குக் கணக்கும் சட்டமும் நிர்வாகமும் பாடமாக வேண்டும். இளம் ஆசிரியைகளுக்கு விடுதி, மாணவர் சேர்க்கை, விழா என்று ஒவ்வொரு பொறுப்பாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். தலைவர் பதவிக்குக் கால வரம்பு வேண்டும். அடுத்தவர் யார் என்பதற்கு முன்கூட்டியே வழி செய்ய வேண்டும்.

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் பரதம் சொல்லித் தருகிறார்கள். படிப்பு மூன்று ஆண்டு. சென்னைக்குப் போக முடியாத ஏழைப் பிள்ளைகளுக்கு அதுவே முதல் படி. அங்கிருந்தும் நாளைய முதல்வர்கள் வர வேண்டும்.

பெற்றோருக்கும் வேலை உண்டு. பிள்ளையைச் சேர்க்கும் முன்பு கட்டணத்தை மட்டும் கேட்டு வரக் கூடாது. தலைவர் யார்? விடுதிக் காப்பாளர் யார்? புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும்? இவற்றையும் கேட்க வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் ஒரு மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். "குழு இருக்கிறதா? உறுப்பினர் பெயர்ப் பட்டியல் எங்கே?" என்று கேட்க எந்தத் தாயும் தயங்க வேண்டாம். சட்டம் அவள் பக்கம்! குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு ஆபத்து என்றால் 181 என்ற தொலைபேசி எண்களும் இருக்கின்றன.

ஆடுகிற மகளைப் பார்த்து, "எத்தனை நாள் பிழைப்பாய்?" என்று கேட்டது போதும். "நீ ஒருநாள் ஒரு பள்ளிக்குத் தலைவி ஆவாயா? அப்போது உன்னிடம் வரும் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்வாயா?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டு வளர்த்த மகள், மேடையிலும் ஜெயிப்பாள், நாற்காலியிலும் ஜெயிப்பாள்!