கூண்டை மறந்த சீர்திருத்தம்

போதைவஸ்தை ஒழிக்க வேண்டும் என்பதில் இன்று கல்முனைக் கரையில் இரு கட்சிகள் இல்லை. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை, பள்ளிவாசல் குத்பாவிலும் பாடசாலைக் காலைக் கூட்டத்திலும் இது பேசப்படுகின்றது. எவ்வாறு ஒழிப்பது என்று கேட்டால் விடையும் ஒன்றே: பிடி, அடை, ஊரைவிட்டு ஒதுக்கு. பாவிப்பவன் வீட்டுத் திருமணத்துக்கு எவரும் போகலாகாது என்பாரும், அவன் ஜனாஸாவுக்கே நிற்கலாகாது என்பாரும் நம்மிடையே உளர். ஊரார் கைவிட்ட பின் அவனை ஏற்றுக்கொள்ளக் காத்திருப்பவன் ஐஸ் விற்பவன் ஒருவனே என்பதை இச்சீர்திருத்தக்காரர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இம்மனப்பாங்குக்கு அடியில் ஒரு பழைய ஆய்வுக் கொள்கை கிடக்கின்றது. தனிக்கூண்டில் அடைபட்ட எலி, போதை மருந்தைத் தரும் நெம்புகோலை ஓயாது அழுத்திற்று. ஆகவே மருந்தே எஜமானன், தொட்டவன் அடிமை என்று முடிவுகட்டினர். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டு உளவியல் ஆசிரியராகச் சேர்ந்த புரூஸ் அலெக்சாண்டர் இதனை ஐயுற்றார். அவ்வையம் நூலகத்திற் பிறந்ததன்று. வன்கூவர் நகரில் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டோருக்கு ஆலோசனை கூறச் சென்றவர் அவர். அம்மனிதரின் வாழ்வு ஆய்வுகூடக் கொள்கைக்குள் அடங்கவில்லை.

1970களின் பிற்பகுதியில் அவரும் அவர்தம் தோழர்களும், கூண்டைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு பரப்புள்ள இடமொன்றை அமைத்து, ஆணும் பெண்ணுமாக எலிகளைக் கூட்டமாக வாழவிட்டனர். ‘எலிப் பூங்கா’ என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். இனிப்பிட்ட மோர்பின் நீரும் வெறும் நீரும் வைக்கப்பட்டன. தனிக்கூண்டு எலிகள் மோர்பினை நாடின. கூடி வாழ்ந்தவை அதனை மிகக் குறைவாகவே தொட்டன. முன்னணி விஞ்ஞான ஏடுகள் இரண்டு மறுத்த பின்னரே 1978இல் இம்முடிவு வேறோர் ஏட்டில் வெளிவந்தது. பல்கலைக்கழகமும் சில ஆண்டுகளில் பண உதவியை நிறுத்திற்று. பின்வந்த மீள்பரிசோதனைகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் ஒளியாது சொல்லவேண்டும். எலியை மட்டும் நம்பிச் சமூகக் கொள்கை வகுக்க எவரும் முனைய வேண்டியதில்லை. அலெக்சாண்டரும் முனையவில்லை, எலியை விட்டு வரலாற்றுக்குச் சென்றார். போதை அடிமைத்தனத்தின் உலகமயமாக்கம் பற்றி 2008இல் அவர் வெளியிட்ட நூல், கார்ல் பொலானியின் பொருளியல் வரலாற்றை அடியொற்றி ஒன்றை வலியுறுத்துகின்றது: நிலத்திலிருந்தும் தொழிலிலிருந்தும் உறவிலிருந்தும் சந்தை மக்களைப் பிடுங்கியெறியும் இடத்திலேதான் அடிமைத்தனம் பெருவாரியாகப் பரவும். கனடாவின் ஆதிக்குடிகள் நிலத்தை இழந்தபின் குடியில் வீழ்ந்தமை அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று.

கல்முனைக் கரைக்கு இது புறக்கதையா? 1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதித் துணியைக் கொணர்ந்து குவித்தபோது கைத்தறிக்கு நேர்ந்த கதியை மருதமுனை மூத்தோரிடம் கேளுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 உயிர்கள் போயின. எஞ்சியோரைக் கரையில் வீடு கட்டாதே என்றது அரசு. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் அவர்களுக்கெனச் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகளோ, இனவாதக் கூச்சலிலும் வழக்கிலும் சிக்கிப் பல்லாண்டுகள் ஆளின்றிப் பற்றை மண்டிக் கிடந்தன. பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணமுடிக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய இந்நிலத்தில் காணி விலை யாது என்பதை எவரும் அறிவர். தங்கையின் வீட்டுச் சுவருக்காக அண்ணன் கட்டாருக்குப் போகின்றான். அவனால் இயலாவிடின் தாய் போகின்றாள். 2019 ஏப்ரலுக்குப் பின்னரோ, தாடி வைத்த பையன் ஒவ்வொருவனும் சோதனைச் சாவடியில் விடை சொல்ல வேண்டியவனானான். இவை யாவும் சேர்ந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது? கூண்டு என்றால் மட்டும் பெரியோருக்கு ஏன் கோபம் வருகின்றது?

அரசிடம் இருக்கும் மருந்தும் கூண்டுதான். கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022 ஜூனில், ஒருவர் மரணத்தை அடுத்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். புனர்வாழ்வு பெறுவோர் அதனின்றும் ஓடுவரோ? 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில், ஏறத்தாழ ஒரு மாதத்துள் 20,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். சிறைகள் நிரம்பின. இறக்குமதி செய்யும் பெருமுதலாளியோ அந்நெரிசலில் அகப்படவில்லை.

இதற்கு வேறு வழியே இல்லை என்பது பொய். சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால் இழந்து, 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கியவர். 1989 முதல் அந்நிலையத்தார் தஞ்சைப் பகுதி மஞ்சக்குடிக் கிராமத்துக்கே சென்று முகாம் நடத்தினர். நோயாளியைப் பட்டினத்துக்கு இழுக்கவில்லை. ஊரே இடந்தந்தது, வீடு திரும்பியவனைத் தொடர்ந்து கவனிப்பதிலும் ஊரார் பங்கேற்றனர். தொழிலதிபர் குடும்பத்துத் தருமப்பணி இது என்று முகஞ்சுளிக்கும் தோழர்கள் சுளிக்கட்டும். முறை நல்லதெனின் அதனை உழைப்பவர் கையில் எடுத்துக்கொள்வதற்குத் தடை யாது?

நம்மிடமோ மஞ்சக்குடியிலும் உறுதியான கட்டுக்கோப்பு உண்டு. தாய்வழிக் குடிகள் உண்டு. குடிக்கொரு மரைக்காயர் உண்டு. ஒருவனை ஒதுக்கிவைக்க ஒரே இரவில் கூடத்தெரிந்த சபைக்கு, அவன் கடனை விசாரிக்கவும் அவனுக்குத் தோணியில் ஓரிடம் பெற்றுக்கொடுக்கவும் ஏன் கூடத்தெரியாது? ஒலுவிலில் 1996 முதல் பல்கலைக்கழகம் உண்டு. அங்குள்ள சமூக விஞ்ஞானிகள் அலெக்சாண்டர் நடந்த வழியில் நடந்து, கரைவாடியிலும் வீட்டுத்திட்டத்திலும் அமர்ந்து, பாவிப்பவனையே உடனாய்வாளனாகக் கொண்டு கேட்கவேண்டிய கேள்விகள் பல.

ஆசிரியராகிய நாமும் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் மேசையிலேயே வரவுப் பதிவேடு கிடக்கின்றது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் எந்த மாதம் எவன் வராது நின்றான் என்பது அதில் உண்டு. அவன் வீட்டுக்கு இவ்வாரமே போகலாம். அவன் தாய் அப்போது எந்த நாட்டில் இருந்தாள், யார் வீட்டுக்குக் கல் அறுக்கப்பட்டது, அவனை முதலில் வேலைக்கு அழைத்தவன் யார் என்று கேட்டு எழுதி வைக்கலாம்.