பள்ளி மதிய உணவு: ஒரு தட்டுக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது?

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மதிய உணவு சமைப்பதற்கான பொருட்செலவுத் தொகையை மத்திய அரசு 2025 மே 1 முதல் 9.5 விழுக்காடு உயர்த்தியுள்ளது. இதன்படி, பால்வாடிகா எனப்படும் முன்பருவ வகுப்பிலும் தொடக்கப் பள்ளியிலும் பயிலும் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பயிலும் மாணவர் ஒருவருக்கு 10 ரூபாய் 17 காசும் வழங்கப்படுகின்றன. வீட்டில் போதிய உணவு கிடைக்காத குழந்தைக்குப் பள்ளியில் பெறும் உணவே அன்றைய நாளின் முதன்மையான உணவாக அமைகிறது. எனவே இந்தத் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அது போதாதபோது தட்டில் எது குறைகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பள்ளி மதிய உணவு, நாடு முழுவதும் பி.எம். போஷண் என்னும் திட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. சுமார் 10.36 லட்சம் பள்ளிகளில் 11.20 கோடி மாணவர்கள் இதன் பயனாளிகள். இதற்கான செலவு மூன்று பகுதிகளாக அமைகிறது.

முதலாவது, தானியம். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், நடுநிலை வகுப்பு மாணவருக்கு 150 கிராம் அரிசி அல்லது கோதுமை. இதன் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்று, பொருளாகவே வழங்குகிறது.

இரண்டாவது, பொருட்செலவு. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலாப் பொருள்கள், எரிபொருள் ஆகியவை இதில் அடங்கும். பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60 விழுக்காட்டையும் மாநில அரசு 40 விழுக்காட்டையும் ஏற்கின்றன. அதாவது 6 ரூபாய் 78 காசில் மத்திய அரசின் பங்கு 4 ரூபாய் 7 காசு; மாநிலத்தின் பங்கு 2 ரூபாய் 71 காசு. வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களில் மத்திய அரசு 90 விழுக்காட்டை ஏற்கிறது.

மூன்றாவது, சமைப்பவருக்கான மதிப்பூதியம். திட்ட விதிப்படி இது மாதத்திற்கு 1,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதங்கள். 2009-இல் நிர்ணயிக்கப்பட்ட இத்தொகை இன்றுவரை உயரவில்லை. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநிலங்கள் தம் சொந்த நிதியிலிருந்து கூடுதல் ஊதியம் வழங்குகின்றன.

கிராம் மாறாது, ரூபாய் பின்தங்கும்

தொடக்கப் பள்ளிக் குழந்தையின் உணவில் 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது திட்ட வழிகாட்டுதல். இதற்காகத் தானியத்துடன் 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என அளவு வகுக்கப்பட்டுள்ளது. இந்த அளவுகள் நிலையானவை. ஆனால் அவற்றை வாங்குவதற்கான தொகை ரூபாயில் நிர்ணயிக்கப்படுகிறது. சந்தை விலை ஏறும்போது அது தானாக ஏறுவதில்லை.

2020 ஏப்ரலில் தொடக்கப் பள்ளிக்கான தொகை 4 ரூபாய் 97 காசு. 2022 அக்டோபரில் அது 5 ரூபாய் 45 காசானது. அடுத்த உயர்வு 2024 டிசம்பரில்தான் வந்தது. அப்போது 6 ரூபாய் 19 காசு. இடைப்பட்ட 26 மாதங்களில் பருப்பு, காய்கறி விலைகள் எவ்வளவு ஏறினாலும் பள்ளிக்குக் கிடைத்த தொகை மாறவில்லை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். பருப்பு கிலோ 150 ரூபாய், காய்கறி 40 ரூபாய், எண்ணெய் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் பருப்புக்கு 3 ரூபாய், 50 கிராம் காய்கறிக்கு 2 ரூபாய், 5 கிராம் எண்ணெய்க்கு 70 காசு. மொத்தம் 5 ரூபாய் 70 காசு. பழைய 5 ரூபாய் 45 காசில் இவற்றையே முழுமையாக வாங்க இயலாது. உப்பு, மசாலா, எரிபொருளுக்கு எதுவும் மிஞ்சாது. புதிய தொகையில் இவற்றுக்கு 1 ரூபாய் 8 காசு மிஞ்சுகிறது.

சிறிய பள்ளிகளில் நெருக்கடி கூடுதல். 20 குழந்தைகள் உண்ணும் பள்ளிக்கு ஒரு நாளுக்குக் கிடைப்பது 135 ரூபாய் 60 காசு. குழந்தைகள் குறைவு என்பதற்காக அடுப்பெரிக்கும் செலவு அதே விகிதத்தில் குறைவதில்லை.

உடல்நலத்தில் இதன் விளைவு என்ன?

அரிசி பொருளாக வருவதால் அது குறைவதில்லை. தொகை போதாதபோது குறைபவை பருப்பு, காய்கறி, எண்ணெய் ஆகியவையே. 100 கிராம் அரிசியிலிருந்தே ஏறத்தாழ 345 கலோரி கிடைத்துவிடுவதால் குழந்தையின் வயிறு நிறையும், பசி அடங்கும். ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அதைப் பருப்பே ஈடுசெய்கிறது. கீரை, காய்கறிகள் குறைந்தால் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் குறையும். எண்ணெய் குறைந்தால் உண்ட காய்கறியிலுள்ள வைட்டமின் ஏ சத்தை உடல் ஏற்பதும் குறையும்.

2016–18-இல் நடத்தப்பட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 24 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இத்தகைய குழந்தைக்கு நீர்த்த சாம்பார் என்பது சுவைக் குறைபாடு மட்டுமன்று. ஊட்டச்சத்து இழப்பும் ஆகும்.

மாநிலங்கள் செய்யக்கூடியது

நிதி நின்றால் உணவும் நின்றுவிடும் என்பதற்குச் சென்னையே பழைய சான்று. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட அன்றைய அரசு இசையாததால் 1925-இல் நின்றுபோனது. பின்னர் 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் மாநில அளவில் நடைமுறைக்கு வந்தன.

இன்று தமிழ்நாட்டின் சத்துணவில் வழங்கப்படும் முட்டையும், 9, 10 ஆம் வகுப்பு மாணவர்களுக்கான உணவும் மாநில நிதியிலிருந்தே வழங்கப்படுகின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் அத்தகையதே. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உயர்தரப் புரதம் உள்ளது. பருப்பு விலை ஏறும் காலத்திலும் குழந்தையின் புரதத் தேவையைக் காக்கும் வழி இது. எனினும், கூடுதல் நிதி ஒதுக்க இயலாத மாநிலத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அடிப்படைத் தொகை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப, தாமதமின்றித் திருத்தப்படுவது முக்கியம்.

நீங்கள் அறிய வேண்டிய உரிமைகள்

2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பள்ளி மதிய உணவு குழந்தையின் சட்டபூர்வ உரிமை. 2015 ஆம் ஆண்டின் விதிகள் பின்வருவனவற்றை உறுதி செய்கின்றன:

• தானியம், நிதி, எரிபொருள் இல்லாமையாலோ சமைப்பவர் வராமையாலோ உணவு வழங்கப்படாவிட்டால், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி வழங்கப்பட வேண்டும்.
• தொடர்ந்து மூன்று பள்ளி நாள்களோ மாதத்தில் ஐந்து நாள்களோ உணவு தடைபட்டால், மாநில அரசு பொறுப்பானவரைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.
• நிதி வரத் தற்காலிகமாகத் தாமதமானால், பள்ளியிலுள்ள பிற நிதியைப் பயன்படுத்தி உணவைத் தொடரத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குச் செல்லும்போது, உணவு வழங்கப்பட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று எத்தனை குழந்தைகள் உண்டனர், அவர்களுக்காக எத்தனை கிலோ பருப்பும் காய்கறியும் உலையிலிடப்பட்டன என்றும் கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் நூறு குழந்தைகள் உண்டிருந்தால் பருப்பு 2 கிலோவும் காய்கறி 5 கிலோவும் இருந்திருக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால், சமைப்பவரைக் குறைகூறுவதற்கு முன், பள்ளிக்குத் தொகை உரிய நாளில் வந்ததா என்பதையும் விசாரியுங்கள்.