பஸ் ஏற்றிவிட்டால் போதுமா?

மலையிலிருந்து பிள்ளைகளைக் கீழே படிக்க அனுப்பியிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு,

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறும் பிள்ளையின் பையில் என்ன வைத்து அனுப்புகிறீர்கள்? துணிமணி, சார்ஜர், ஊறுகாய் பாட்டில், மிக்சர், நூடுல்ஸ் பாக்கெட். திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ அறை எடுத்துத் தங்கும் பிள்ளை வாரம் முழுக்க என்ன சாப்பிடும் என்று கேட்டால், "கையில காசு குடுத்திருக்கோமே" என்கிறீர்கள். காசு கொடுத்தோம், சரி. அதை வைத்து எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தோமா?

அங்கன்வாடியில் சத்துமாவு கொடுத்தார்கள். பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவும் முட்டையும் போட்டார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மூன்று வேளையும் தட்டு தானாக வந்தது. கல்லூரியில் சேர்ந்து வெளியில் தங்கியதும் அது நின்றுபோகிறது. உடம்போ இன்னும் கட்டி முடியவில்லை. எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர்வது இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது.

காலையில் டீயும் பன்னும், மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், ராத்திரி பரோட்டா. வயிறு நிறையும், புரதம் சேராது. கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. 50 கிலோ பிள்ளைக்கு அது 42 கிராம் அளவில் வரும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். மீதி பருப்பிலும் பயறிலும் பாலிலும் வேர்க்கடலையிலும் வர வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கடலைக்கா பஞ்சம்? ஒரு கைப்பிடி வேகவைத்துத் தின்ன அடுப்புகூட அதிக நேரம் எரிய வேண்டாம்.

எனக்கு ஆறாத வருத்தம் சாமை விஷயத்தில்தான். நம் நிலத்தில் விளைவதை மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிட்டு ரேஷன் அரிசியைப் பொங்குகிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது; நகரத்துக் கடைகளில் சாமை நல்ல விலைக்குப் போகிறது. நம் பிள்ளையோ அறைத்தோழர்கள் முன்னால் சாமைச்சோற்றை எடுக்கக் கூசுகிறது. "அதெல்லாம் தாத்தா காலத்துச் சோறு" என்று அதன் காதில் போட்டது யார்? நாம்தானே! தீட்டிய வெள்ளை அரிசியைவிடச் சாமையில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். அதற்காகச் சாமை மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தானியத்தின் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. மொச்சையும் கொள்ளும் துவரையும் அதை ஈடுகட்டும். சோற்றோடு குழம்பில் பயறு கிடக்க வேண்டியது அதனால்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வறுத்து அரைத்த மாவை டப்பாவில் கொடுத்தனுப்பினால் பத்து நிமிடத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கலாம்.

பெண்ணைப் பெற்றவர்களிடம் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிலக்கில் ரத்தம் போவதால் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். ஆணுக்கு 19 போதும். நம் வீடுகளில் கறியும் முட்டையும் முதலில் யார் தட்டில் விழுகின்றன? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மயக்கம் வந்தால் "வெயில்ல நின்னிருப்பா", படிப்பில் மனம் நிற்காவிட்டால் "போனே கதி". அதோடு விட்டுவிடுகிறோம். முருங்கைக்கீரை, கொள்ளு, ஈரல் இவற்றோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏறுவது குறையும். டீ ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அதில் முட்டைக்கும் பாலுக்கும் பழத்துக்கும் முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள். ரீசார்ஜ் அப்புறம். போனில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்காமல் "என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். அடுத்த லீவுக்கு வரும்போது பையனோ பெண்ணோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்ணுக்கு 12-க்கும் பையனுக்கு 13-க்கும் கீழே இருந்தால் டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கி, தினம் போடுகிறார்களா என்று நீங்களே விசாரியுங்கள்.